கேரட் தண்ணீர் வந்த சனிக்கிழமைகள்

என்னை வழியனுப்பிய கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முதலில் நன்றி. நாலு பேர் முன்னால் பேசுவது எனக்கு எப்போதுமே வராது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கை தூக்காதவன் நான். அப்படிப்பட்டவனுக்கு அமைந்த வேலையில், ஆட்களைச் சத்தமாகக் கூப்பிடுவதுதான் முக்கியமான பகுதி என்பதை நினைத்தால் இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. அன்று பேசாததை எழுதித் தருகிறேன். ஓடைக் காவலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் பார்த்துப் படித்தால் போதும்.

தூண்டில் எப்படி வீசுவது, ட்ரவுட் மீன் எந்தப் பாறை நிழலில் நிற்கும் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு சீசன் ஓடையோரம் நடந்தால் அது தானாக வந்துவிடும். யாரும் சொல்லித் தராத ஒன்றைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஒரு விஷயம் சரியாகத் தெரியாத நேரத்தில் விசிலை வாயில் வைப்பதா, வேண்டாமா என்பது அது.

நான் வாட்ச்சராக வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். கோடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகிற வழியில், சோலைக்காட்டுக்குக் கீழே, மீன்பிடி சங்கத்தின் குடில் அப்போது தகரக் கூரையோடு இருந்தது. சீசனுக்கு வரும் விருந்தாளிகள் அங்கே தங்கி, கோழி இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை நூலில் மாட்டி ட்ரவுட் பிடிப்பார்கள். ஃப்ளை என்பார்கள் அதை. என் வேலை வெள்ளனே எழுந்து ஓடைக்குப் போய், தண்ணீரில் கையை வைத்துப் பார்த்து, திரும்பி வந்து குடில் வாசலில் இருந்த கரும்பலகையில் எழுதுவது. தண்ணீர் தெளிவா கலங்கலா, ஓடையில் நட்டிருந்த அளவுக்கல்லில் அடித்திருந்த வெள்ளைக் கோட்டுக்கு மேலா கீழா, காற்று எந்தப் பக்கம், எந்த நிற ஃப்ளை எடுக்கலாம், கடைசியாக நேற்றுப் பிடிபட்டது என்ன. இவ்வளவுதான் பலகை. விருந்தாளிகள் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, காபி டம்ளரோடு வந்து அதைப் படிப்பார்கள். சாரலைக் கொண்டுவரும் கேரளத்துக் காற்று வீசுகிறது என்று எழுதியிருந்தால் சிலர் மறுபடி படுக்கப் போய்விடுவார்கள்.

நேற்றுப் பிடிபட்டது என்கிற கட்டம் கொஞ்சம் சங்கடமானது. முந்தின நாள் மாலை அவரவர் வந்து சொல்வதைத்தான் நான் எழுத வேண்டும். சொல்லும்போது ஒரு சாண் இருக்கும் மீன், மறுநாள் பலகையைப் பார்க்கும்போது ஒரு முழம் இருந்திருக்க வேண்டும் என்று தகராறு வரும். நான் எதிர்த்துப் பேசமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். அழித்து எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆனால் தண்ணீர் என்கிற கட்டத்தை மட்டும் யார் சொல்லியும் நான் மாற்றியது கிடையாது. அதற்குக் காரணம் தைரியம் இல்லை. அந்தக் கட்டத்தை நம்பித்தான் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள் என்கிற பயம்.

சனிக்கிழமைகளில் அந்தக் கட்டத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். மேலே மன்னவனூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காகச் சனிக்கிழமை காலையில் கேரட் பிடுங்கி ஓடையில் கழுவுவார்கள். அந்தச் செம்மண் கரைந்து கீழே வரும்போது எங்கள் ஓடை தேநீர் நிறத்துக்கு மாறும். கூடவே பச்சைத் தழையும் மிதந்து வரும். அதைத்தான் கேரட் தண்ணீர் என்போம். மட்டம் ஏறாது, ஒன்றும் செய்யாது. மத்தியானத்துக்குள் தெளிந்துவிடும். பழைய விருந்தாளிகள் அது வரும் நேரம் பார்த்துச் சாப்பாட்டை வைத்துக்கொள்வார்கள். மழைத் தண்ணீரும் அதே நிறம்தான். ஆனால் அது மட்டத்தையும் ஏற்றிக்கொண்டு திடீரென்று வரும். மேட்டில் பெய்வது எங்கள் பள்ளத்தில் தெரியாது. நடுவில் ஒரு மலை முதுகு மறைக்கிறது. இங்கே வெயில் அடிக்கும்போதே அங்கே கொட்டித் தீர்த்திருக்கும். அதற்காகத்தான் எனக்கு ஒரு பித்தளை விசில் கொடுத்திருந்தார்கள். நீளமாக ஒரு தடவை ஊதினால் எல்லோரும் கரையேற வேண்டும்.

அந்த விசிலை முதன்முதலாக ஊதியது ஐம்பதுகளின் கடைசியில், ஒரு மே மாதச் சனிக்கிழமை. கேரட் தண்ணீர் அன்று காலையில் வரவே இல்லை. சந்தைக்கு யாரும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் மூன்று மணி வாக்கில் மேற்கே மேகம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவக்க ஆரம்பித்தது. கேரட் கழுவுகிற நேரம் இல்லை, மேகமும் இருக்கிறது.  ஊதிவிட்டேன்.

மாலை நேரம் ட்ரவுட் மேலே வந்து பூச்சியைக் கவ்வுகிற நேரம். அதற்காகவே மெட்ராஸில் இருந்து வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக முகத்தைச் சுளித்துக்கொண்டு கரையேறினார்கள். ஒருவர் மட்டும் எதுவும் கேட்காமல் முதலில் ஏறி வந்தார். மதுரையில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஒரு ஆண்பிள்ளைக் கோட்டு, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார நர்ஸ் அவருக்குத் தூண்டில் பழக்கிவிட்டிருந்தார். சீசனில் பத்து நாள் தனியாக வந்து தங்குவார். நான் ஊதியபோது அவருடைய தூண்டில் வளைந்திருந்தது. நூலின் முனையில் பெரிய மீன் ஒன்று பாறையைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கோட்டுப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து நூலை வெட்டிவிட்டு, தூண்டிலைத் தோளில் சாய்த்து நடந்து வந்தார். தையல் நூல் வெட்டுகிற ஆஸ்பத்திரிக் கத்தரி அது.

எல்லோரும் கரையில் காத்திருந்தோம். மேகம் அப்படியே கேரளப் பக்கம் நகர்ந்து போனது. அளவுக்கல்லின் வெள்ளைக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு தழை வந்தது, பச்சைப் பசேல் என்று, கேரட் தழை. அதற்குப் பின்னால் சாக்கு மூட்டை ஏற்றிய குதிரைகளோடு மன்னவனூர்க் குதிரைக்காரர் இறங்கி வந்தார். என் வயசுக்காரர், வாராவாரம் அந்த வழியாகப் போகிறவர்.

“ஏலே, என்ன எல்லாரும் கரையில வரிசையா நிக்கிறீக? யாரும் விழுந்துட்டாகளா?”

“தண்ணி செவந்துச்சு. மேல மழையா?” என்று கேட்டேன்.

“மழையா? எங்க மழை? காலையில கோயில்ல பூசை. அது முடிஞ்சு மத்தியானந்தான் கழுவுனோம். எங்க வீட்டுக்காரி இன்னும் கழுவிக்கிட்டுத்தான் கெடக்கா.” அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. “ஏலே, கேரட்டுக்கா விசில் ஊதுன?”

கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குக் கேரட் வாட்ச்சர் என்று பெயர். குதிரைக்காரர் அதை மன்னவனூரில் சொல்ல, அங்கிருந்து கிளாவரை வரைக்கும் போய்விட்டது. சனிக்கிழமை தவறாமல் குதிரையை நிறுத்திக் கேட்பார்: “இன்னைக்கு வெறும் கேரட்டுதான். ஒரு தரம் ஊதிக்கிறியா?”

சங்கத்தின் செக்ரட்டரி சிரிக்கவில்லை. எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர், கண்டிப்பானவர். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. பேச வராத ஒருவனை நம்பி வேலை கொடுத்தவர் அவர்தான். அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வாட்ச்சர், இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு ஈவினிங் ஃபிஷிங் போச்சு. மெம்பர்ஸுக்கு நான்தான பதில் சொல்லணும்? இனிமே என்கிட்ட கேக்காம விசில் அடிக்காதீங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அடுத்த சீசனுக்கு வேற ஆள் பாத்துக்குவேன்.”

“சரிங்கய்யா” என்றேன். என் வேலை சீசனுக்குச் சீசன் புதுப்பிக்கிற வேலை. வீட்டில் அப்போது மூத்தவள் கைக்குழந்தை. வேலை போனால் கன்னிவாடியில் மாமனார் வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான் என்ற நினைப்பிலேயே அன்று சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டரம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவர் குடில் வராந்தாவில் உட்கார்ந்து நூலில் புது ஃப்ளை கட்டிக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவரே நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தம்பி?”

“மீன் போச்சுங்களேம்மா. பெரிய மீனுங்களா?”

“பெரிசுதான். பன்னண்டு வருஷமா வர்றேன், அப்படி ஒண்ணு இழுத்ததில்ல” என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவர் சிரித்தார். “அட, அதுக்கு எதுக்கு இப்படி நிக்கிறீங்க? நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்தேன். அவ்வளவுதான?”

“ஒண்ணுமில்லாததுக்குக் கூப்பிட்டுட்டேங்கம்மா.”

அவர் பல்லால் நூலை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னார். “எங்க ஆஸ்பத்திரியில பொய் வலின்னு ஒண்ணு வரும். பிள்ளை பெறப்போற மாதிரியே வலிக்கும். மாட்டுவண்டி கட்டிக்கிட்டு, மாமியா நாத்தனா எல்லாம் கூட வருவாங்க. பாத்தா ஒண்ணும் இருக்காது. புதுசா வந்த நர்ஸுங்க திட்டுவாங்க, இதுக்குப்போயி வண்டி கட்டுனியான்னு. நான் திட்ட விடமாட்டேன். ஏன் தெரியுமா? திட்டி அனுப்புனா, அடுத்த தடவை நெச வலி வரும்போது அவ வீட்டுலயே பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பா. யாராச்சும் சிரிப்பாங்கன்னு. அப்படிக் கெடந்த ஒருத்தியக் கடைசி நேரத்துல கொண்டுவந்தாங்க. எனக்கு இன்னும் மறக்கல.”



“பொய் வலிக்கு வந்தவளுக்குக் காபி கொடுத்து, நல்லதாப் போச்சும்மா, மறுபடி வலிச்சா மறுபடி வான்னு சொல்லி அனுப்பணும். உங்களுக்கும் அதத்தான் சொல்றேன். நாளைக்கும் தோணுச்சுன்னா ஊதுங்க. நான் வருவேன்.”

ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றி எனக்கும் கொடுத்தார். வேலை போகாது என்றோ, செக்ரட்டரியிடம் பேசுகிறேன் என்றோ அவர் சொல்லவில்லை. ஒரு ஆளாவது வருவார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு சனிக்கிழமை. டாக்டரம்மா விடுமுறையை நீட்டித்து இன்னும் அங்கேயே இருந்தார். கோயம்புத்தூரில் இருந்து ஒரு மில் முதலாளி விருந்தாளியாக வந்திருந்தார். குடிலுக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாகப் பேச்சு. செக்ரட்டரியே அவரைக் கூட்டிக்கொண்டு ஓடையின் நடுவில் இருந்த கூழாங்கல் திட்டுக்குப் போனார். அந்தத் திட்டில் நின்றால் இரண்டு பக்கத்து நீரோட்டத்திலும் வீசலாம். நல்ல இடம். ஆனால் கரைக்கு வர இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டித்தான் வர வேண்டும். டாக்டரம்மா அதற்குக் கீழே, கரையோரத் திருப்பத்தில் நின்றார். நான் மேலே, முதல் வளைவில்.

வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கோடை மழை மத்தியானத்துக்கு மேல்தான் பெய்யும், காலையில் பெய்யாது என்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. பத்து மணிக்கு மேல் கேரட் தண்ணீர் என்று பலகையில் எழுதியிருந்தேன். அதே மாதிரி பத்து மணிக்கு மேல் தண்ணீர் சிவந்தது. தழையும் வந்தது. திட்டில் இருந்து செக்ரட்டரி விருந்தாளிக்கு அதைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். இருவரும் என் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். கேரட் வாட்ச்சர் கதையாகத்தான் இருக்கும்.

அப்போது ஒரு மூங்கில் கூடை வந்தது. முக்கால்வாசி மூழ்கி, சுற்றிச் சுற்றி வந்து, என் காலடியில் இருந்த சுழிப்பில் சிக்கியது. கை வலையால் இழுத்துக் கரையில் போட்டேன். உள்ளே கட்டுக் கட்டாகக் கேரட் அடியில் தங்கியிருந்தது. ஒரு கட்டு பளிச்சென்று கழுவியிருந்தது. அடுத்த கட்டு பாதி சிவப்பு, பாதி மண். மீதி எல்லாம் மண்ணோடு.

நீங்கள் இந்த வேலையில் ஒரு நாள் இப்படி ஒரு கூடை முன்னால் உட்காருவீர்கள். கூடையாக இருக்காது, வேறு ஏதாவதாக இருக்கும். அதனால் அந்த நேரத்தில் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கை நழுவிக் கூடை போயிருக்கலாம். அது முதலில் தோன்றியது. நழுவியிருந்தால் பின்னால் ஒரு ஆள் ஓடி வந்திருப்பார், ஒரு கூடையை யாரும் அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். அது அடுத்தது. ஓடி வரப் பாதை இல்லாத இடமாக இருக்கலாம். அதுவும் தோன்றியது. வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். ஏறவில்லை. வானத்தைப் பார்த்தேன். சுத்தம். செக்ரட்டரியிடம் கேட்காமல் ஊதக் கூடாது. அவரோ திட்டில், தண்ணீர்ச் சத்தத்தில் நான் கத்தினால் கேட்காது. விருந்தாளி பக்கத்திலேயே நிற்கிறார். இப்போது ஊதி, கூடை சும்மா நழுவிய கூடையாக இருந்தால், சாயங்காலமே என் சட்டை துணிமணியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பாதி கழுவிய அந்தக் கட்டு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. கழுவிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றிருக்கிறது. சந்தைக்குப் போகிற அவசரத்தில் கழுவுகிற ஒரு பெண் பாதியில் கையை எடுக்கிறாள் என்றால், எதையோ பார்த்துவிட்டு எடுத்திருக்கிறாள்.

இது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்த பிறகு ஊதியதாக நினைக்காதீர்கள்.  நீளமாக, மூச்சு முடியும் வரை ஊதினேன்.

திட்டில் செக்ரட்டரி திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டினார். போ, போ என்கிற மாதிரி. மறுபடி ஊதினேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். கோபம் வந்தால் அப்படிச் செய்வார். விருந்தாளி தூண்டிலை வீசிக்கொண்டே இருந்தார்.

கீழே திருப்பத்தில் டாக்டரம்மா நூலைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். கரையேறி, என் பக்கம் பார்க்கக்கூட இல்லை, நேராகத் திட்டுக்கு எதிரே இருந்த கரைக்கு நடந்து போனார். வெள்ளம் என்றோ, ஆபத்து என்றோ அவர் கத்தியிருந்தால் அங்கே ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். அவர் ஃபிளாஸ்க்கைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“மில்காரரே, காபி ஆறுது. வெரசா வாங்க. இந்தத் தண்ணியில இனி ஒரு மணி நேரத்துக்கு மீன் கடிக்காது.”

கூப்பிடுவது ஒரு அம்மா, அதுவும் டாக்டர். விருந்தாளியால் மறுக்க முடியவில்லை. தூண்டிலை மடக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். விருந்தாளியே இறங்கிய பிறகு செக்ரட்டரி மட்டும் தனியாக நின்று என்ன செய்வார்? அவரும் இறங்கினார். நடந்து வரும்போதே, அதற்குள் அந்தக் கரைக்கு இறங்கி வந்திருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்: “வாட்ச்சர், நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

விருந்தாளி கரையில் கால் வைத்தார். செக்ரட்டரிக்கு இன்னும் நாலைந்து அடி இருந்தது. அப்போது மேல் வளைவில் ஒரு சத்தம் கேட்டது. சாலை இல்லாத இடத்தில் லாரி வருகிற மாதிரி ஒரு உறுமல். டாக்டரம்மா தூண்டிலின் அடிக்கட்டையை நீட்டினார், செக்ரட்டரி பிடித்துக்கொண்டார், நான் ஓடிப்போய் அவர் கோட்டுக் காலரைப் பிடித்தேன். இழுத்து மேட்டில் போட்டோம். வாட்டல் மரம் ஒன்று வேரோடு முன்னால் வந்தது. அதன் பின்னால் தண்ணீர், ஆள் உயரத்துக்கு, நுரையோடு. கூழாங்கல் திட்டு இருந்த இடம் தெரியவில்லை.

 டாக்டரம்மா ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி முதலில் செக்ரட்டரிக்குக் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “சர்க்கரை கம்மியா இருக்கும், பொறுத்துக்குங்க” என்றார் டாக்டரம்மா.

எனக்கு அப்போது நினைப்பெல்லாம் மேலே இருந்தது. கூடை வந்துவிட்டது, கூடைக்காரி என்ன ஆனாள்? ஓடையைத் தாண்ட முடியாததால் அன்று முழுவதும் தகவல் கிடைக்கவில்லை.

மறுநாள் வெள்ளனே எழுந்து, வழக்கம்போலத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து சாக்பீஸோடு பலகை முன்னால் நின்றேன். தண்ணீர்: கலங்கல், கோட்டுக்கு மேல், இறங்கக் கூடாது. அதுவரைக்கும் எழுதிவிட்டேன். நேற்றுப் பிடிபட்டது என்கிற இடத்தில் கை நின்றுவிட்டது. முந்தின நாள் ஒருவரும் ஒரு மீனும் பிடிக்கவில்லை.

பின்னால் டாக்டரம்மாவின் குரல். “என்ன யோசனை தம்பி? கூடை ஒண்ணுன்னு எழுதுங்க.”

“செக்ரட்டரி ஐயா பாத்தா...”

“உள்ளதத்தான எழுதச் சொல்றேன். நீங்கதான பிடிச்சீங்க, வலை போட்டு?”

எழுதினேன். மில்காரர் வந்து படித்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு செக்ரட்டரி வந்தார். பலகையைப் படித்தார். அழிக்கச் சொல்வார் என்று நான் துணியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“இருக்கட்டும்” என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். “விசில் அடிக்க இனிமே என்னைக் கேக்க வேண்டாம்.”

பத்து மணி வாக்கில் குதிரைக்காரர் வந்து சேர்ந்தார். குதிரைகளில் மூட்டை இல்லை. சந்தை போய்விட்டது அவருக்கு. என்னைப் பார்த்ததும் கேலி எதுவும் வரவில்லை. குடில் வாசலில் கவிழ்த்து வைத்திருந்த கூடையைப் பார்த்துக் கிட்டே போய்த் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே, இது எங்க வீட்டுக் கூடைல்ல?”

“உங்க வீட்டுல...?” என்று இழுத்தேன். 

“எல்லாம் நல்லாத்தான் இருக்கா. மேல விடியக்காலையில இருந்தே மழை. தூரத்துல தண்ணி வர்ற சத்தம் கேட்டதும் கழுவுனதக் கழுவுனபடி போட்டுட்டு மேட்டுக்கு ஓடியாந்துட்டா. உசுரு பொழச்சது பெருசாத் தெரியல அவளுக்கு. நேத்துல இருந்து கூடை போச்சு, கூடை போச்சுன்னு ஒரே பொலம்பல். நானும் அந்தச் சோலியாத்தான் எறங்கி வந்தேன்.” பலகையைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “என்ன போட்டிருக்கு?”

சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கூடையைக் கையில் எடுத்தார். பிறகு அதில் மிச்சமிருந்த கேரட்டை எல்லாம் குடில் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். கூடையை மட்டும் கொண்டுபோனார். அன்று மத்தியானம் எல்லோருக்கும் கேரட் பொரியல்.

அவரும் அதற்குப் பிறகு கேரட் வாட்ச்சர் என்றுதான் கூப்பிட்டார். ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

டாக்டரம்மா அன்று மாலை மதுரைக்குக் கிளம்பினார். பெட்டியை லாரிப் பாதை வரைக்கும் நான் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் ஒன்று சொன்னார். அதை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

“தம்பி, இனிமேதான் உங்களுக்குக் கஷ்டம்.”

“ஏங்கம்மா? ஐயாவே ஊதலாம்னு சொல்லிட்டாரே.”

“அதான். முன்னாடி தப்பாயிருமோன்னு வேலைக்குப் பயந்தீங்க. இனிமே பேருக்குப் பயப்படுவீங்க. வாட்ச்சர் ஊதுனா சரியா இருக்கும்னு ஒரு பேரு வந்துருச்சுல்ல? அந்தப் பேரைக் காப்பாத்துறதுக்காக ஒரு நாள் ஊதாம இருந்துருவீங்க. எனக்கும் நடந்திருக்கு. பாத்துக்குங்க.”

அவர் சொன்ன பயம் அப்படியே வந்தது. அறுபதுகளில் சங்கத்தில் எனக்கு நல்ல மரியாதை. நான் விசிலைத் தொட்டாலே ஆட்கள் நூலைச் சுற்ற ஆரம்பித்தார்கள். வேலை நிரந்தரமாயிற்று. மரியாதை கூடக் கூட, விசில் வாய்க்குப் போக நேரம் அதிகமானது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் நிச்சயமாகட்டும் என்று தோன்றும். முதல் தடவை தப்பாக ஊதியபோது இழப்பதற்கு எனக்கு ஒரு பெயர் இல்லை. இப்போது இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். சனிக்கிழமை இல்லை, வேறு ஏதோ ஒரு நாள். ஓடையில் நிறையப் பேர் இருந்தார்கள், டாக்டரம்மாவும் இருந்தார். முழங்கால் வலியால் கைத்தடியோடு வந்து, கரையோரத்தில் நின்றே வீசிக்கொண்டிருந்தார். தண்ணீரில் காய்ந்த சருகு வழக்கத்துக்கு மேல் வந்த மாதிரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நிறமும் மாறவில்லை. விசிலைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். சருகுக்கு ஊதினான் என்பார்கள். அந்த நேரத்தில் கீழே கைத்தடியை ஊன்றி நின்ற டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஊதிவிட்டேன்.

எல்லோரும் வந்தார்கள். கரையில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம், ஒரு மணி நேரம். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ மேலே காற்றில் ஒரு மரம் சருகை உதிர்த்திருக்கிறது, அவ்வளவுதான். இளவட்டங்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் முகம் சூடாயிற்று.

டாக்டரம்மா தடியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“பொய் வலியா?”

“ஆமாங்கம்மா.”

“நல்லதாப் போச்சு” என்றார். ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி, முதலில் எனக்குக் கொடுத்தார்.

அந்தப் பெரிய வெள்ளத்துக்காக எனக்கு நன்றி சொன்னவர்கள் நிறையப் பேர். நான் நன்றி சொல்ல வேண்டியது, ஒன்றுமில்லாத நாட்களில் நூலை வெட்டிவிட்டு வந்தவருக்கு. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு மூடியைக் கழுவிக் கொடுத்தேன்.

விசில் குடில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஊதிப் பாருங்கள், இன்னும் நன்றாகக் கேட்கிறது. நீங்கள் ஊதி ஒன்றும் நடக்காத அன்று, கரையேறி வருகிறவர்களுக்கு முதலில் காபி கொடுங்கள்.